மேன் ஆஃப் ஸ்டீல்: அந்தக் கடைசிச் சண்டை

2013-ல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' என்ற சூப்பர்மேன் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். பிரம்மாண்டம் இருக்கிறது, மனதைத் தொடவில்லை என்று அன்று ரசிகர்கள் வைத்த குறை இன்றும் அப்படியே நிற்கிறது. 143 நிமிடப் படத்தில் பின்னாளில் சூப்பர்மேன் ஆகும் சிறுவன் கிளார்க்கின் பழைய நினைவுகள் அவ்வளவு அழகு, ஆனால் ஒவ்வொன்றும் மனதில் உட்காருவதற்குள் வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் மெட்ரோபோலிஸ் நகரத்தில் நடக்கும் அந்தக் கடைசிச் சண்டை. கட்டடம் மேல் கட்டடமாகச் சரிகிறது, சூப்பர்மேனும் வில்லன் ஸாடும் மாறி மாறிச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறார்கள், இருவருக்கும் வலிக்கவே வலிக்காது என்று தெரிந்தபின் எதற்குப் பதற வேண்டும்?

இத்தனைக்கும் இடிபாட்டில் சிக்கிய ஊழியர் ஜென்னியை விட்டுப் போகாமல் பத்திரிகை ஆசிரியர் பெர்ரி ஒயிட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு அடைத்தது. அங்கே ஒரு மனித முகம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதே அழிவை 2016-ல் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' தொடக்கத்தில் பேட்மேனான ப்ரூஸ் வெய்ன் தரையில் புழுதிக்குள் ஓடிக்கொண்டே பார்க்கும்போது எவ்வளவு கனமாக இருந்தது! இரண்டுக்கும் இயக்குநர் ஸாக் ஸ்னைடர்தான். அவருக்கு இது தெரியாமல் இல்லை, முதல் படத்திலேயே கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கியிருக்கலாம்.