வண்டி ஓடுதா, நிக்குதா?

லாரியில் சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டுதான் இ-வே பில். அதன் எண்ணில் 12 இலக்கங்கள் இருக்கும். அன்றைக்குக் காலையில் எங்கள் டிரைவர் அண்ணன் போனில் எனக்கு ஐந்து இலக்கங்களைப் படித்தார். ஆறாவது வரவில்லை.

2022 ஆகஸ்ட் மாதம். நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் 2009இலிருந்து வேலை பார்க்கிறேன். லோடு பிடிப்பது, டிரைவர்களுக்கு டீசல் காசும் படிக்காசும் போட்டுவிடுவது, வண்டி எங்கே போகிறது என்று சரக்கு அனுப்புகிற பார்ட்டிக்குச் சொல்வது, எல்லாம் போனில்தான். அந்த வண்டி சேந்தமங்கலம் பக்கமிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பெல்காம் போனது. பார்ட்டி பில் போட்ட அன்றே லோடு ஏறவில்லை. மழையில் ஒரு நாள் வீணானது. தும்கூரைத் தாண்டியதும் கிளட்ச் போய், ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாள் நின்றது. இ-வே பில் செல்லுபடியாவதற்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. 2021 ஜனவரிக்கு முன்னால் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கொடுத்தார்கள், அதைப் பாதியாக்கிவிட்டார்கள். பெல்காமுக்கு நான்கு நாள் கிடைத்தது. நான்காம் நாள் நள்ளிரவோடு அது முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம். அதாவது காலை எட்டு மணி வரை. அதையும் விட்டுவிட்டு வழியில் செக்கிங்கில் மாட்டினால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம்.

பில் போட்டது பார்ட்டி. நகல் எங்களிடம் இல்லை, டிரைவர் கையில்தான் இருந்தது. பார்ட்டியின் ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும். நான் ஆறே முக்காலுக்கே வந்து சிஸ்டத்தைப் போட்டுவிட்டு டிரைவரைக் கூப்பிட்டேன்.

"சொல்லு அம்மணி."

"அண்ணா, பில் நம்பரைக் கொஞ்சம் படிங்கண்ணா. எட்டு மணிக்குள்ள போடணும்."

"இரு அம்மணி, கண்ணாடிய எடுத்துக்கறேன்."

எனக்கு முன்னால் ஜிபிஎஸ் திரை திறந்துதான் இருந்தது. வண்டி நின்றால் சிவப்புப் புள்ளி, ஓடினால் பச்சைப் புள்ளி, பக்கத்திலேயே வேகம். சித்ரதுர்கா தாண்டி தாவணகெரே ரோட்டில் பச்சைப் புள்ளி. வேகம் 58. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் பேனாவை எடுத்து, "ம், சொல்லுங்கண்ணா" என்றேன்.

ஐந்து எண்கள். அதற்கு மேல் மூச்சை இழுக்கிற சத்தம். அப்புறம் தகரம் நசுங்குகிற சத்தம். அப்புறம் ஹாரன், விடாமல். அந்த ஹாரனுக்கு நடுவே வைப்பர் ஓடுவதும் கேட்டது. லைன் கட்டாகவே இல்லை. நான் "அண்ணா, அண்ணா" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஜிபிஎஸ் கொஞ்சம் பிந்தித்தான் மாறும். ஹாரன் என் காதில் அடித்துக்கொண்டிருந்தபோதும் திரையில் பச்சைப் புள்ளி 58 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

பஞ்சராகி இடது ஓரத்தில் நின்றிருந்த ஒரு வெங்காய லாரியின் பின்னால் போய் மோதியிருக்கிறார். கடைசி நேரத்தில் வலது பக்கம் ஒடித்திருக்கிறார், அதனால் உயிர் தப்பியது. கேபினின் இடது பக்கம் முழுக்க உள்ளே போய்விட்டது. அவருடைய இடது கால் கிளட்ச் மிதியோடு சிக்கி இரண்டு இடத்தில் முறிந்தது. அந்த வெங்காய லாரியின் கிளீனர் சக்கரத்துக்கு அண்டக்கொடுக்கக் கல் தேடிப் பத்தடி தள்ளிப் போயிருந்தார். ஒரு நிமிஷம் முன்னால் என்றால் அவர் இரண்டு வண்டிக்கும் நடுவில்தான் இருந்திருப்பார். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அவரைத்தான்.

பின்னால் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 58 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 16 மீட்டர். ஐந்து எண்களைப் படிக்க ஐந்து விநாடி ஆனால் 80 மீட்டர். எங்கள் ஷெட்டில் ஏழு வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வருகிற நீளம். அந்த நீளம் முழுக்க அவர் கண் காகிதத்தில் இருந்தது, காது என்னிடம் இருந்தது. லோடு வண்டி பிரேக்கை மிதித்ததும் நின்றுவிடாது. ஏர் பிரேக்கில் காற்று போய்ப் பிடிக்கவே கொஞ்ச நேரம் வேண்டும், மழை ரோட்டில் இன்னும் கூடுதலாக வழுக்கிக்கொண்டு போகும்.

இன்சூரன்ஸுக்குக் கிளெய்ம் படிவத்தை நான்தான் நிரப்பினேன். விபத்து நடந்த விதம் என்று ஒரு கட்டம். "மழையில், எச்சரிக்கை முக்கோணம் வைக்காமல் சாலையோரம் நின்றிருந்த லாரி தெரியாததால்" என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. மழை பெய்தது, முக்கோணம் வைக்கவில்லை. போலீஸ் பதிவிலும் வேகம், அஜாக்கிரதை என்று இருந்தது. போன் எங்கேயும் இல்லை. அவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது என்னிடமே அவர், "நீ கூப்பிட்டத யார்கிட்டயும் சொல்லிக்காத அம்மணி, உன் வேலைக்கு ஆகாது" என்றார். காலில் கம்பி போட்டுக் கட்டிப் படுத்திருந்தவர் சொன்ன வார்த்தை அது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷா வருஷம் விபத்துக் கணக்கு வெளியிடுகிறது. 2022இல் நாடு முழுக்க 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவு. அதில் காரணவாரியாக ஒரு பட்டியல் உண்டு. 100க்கு 70க்கு மேல் அதிவேகம். போன் பேசியதால் என்கிற வரிசையில் இருப்பது மிகச் சின்னப் பங்கு. அதைப் பார்த்துவிட்டு, போன் பேசுவதால் அவ்வளவாக ஆபத்தில்லை போல என்று யாராவது நினைத்தால், அந்த வரிசை எப்படிச் சின்னதாகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு கட்டத்தை நானே நிரப்பியிருக்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் நீண்ட தூர வண்டி எதுவும் கிளீனர் இல்லாமல் ஷெட்டை விட்டுப் போகாது. அப்போதும் எல்லோரிடமும் போன் இருந்தது, நாங்களும் கூப்பிட்டோம். ஆனால் எடுப்பது கிளீனர் பையன். "அண்ணன் ஓட்டிட்டு இருக்காருங்க்கா, டோல்கேட் தாண்டியாச்சு, சொல்லுங்க" என்பான். பில் எடுத்துப் படிப்பவன் அவன், இடது பக்கம் பார்த்து "வரலாம்ணா, வரலாம்" என்பவன் அவன், விடியற்காலையில் டிரைவர் கண் சொருகினால் தட்டி எழுப்புகிறவனும் அவன். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பையன்கள் வருவது நின்றுபோனது. படித்து வேறு வேலைக்குப் போனார்கள், அது நல்லதுதான். முதலாளிகளுக்கும் ஒரு சம்பளம் மிச்சம். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றிருந்த விதியையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். கிளீனர் சீட் காலியானது. கிளீனர் பார்த்த வேலை மட்டும் அப்படியே இருந்தது. அதை டிரைவரின் போனில் ஏற்றிவிட்டோம். அந்த விபத்தில் நசுங்கியது அந்தக் காலி சீட்தான்.

விபத்துக்கு அப்புறம் எங்கள் முதலாளி எல்லா டிரைவர்களுக்கும் காதில் மாட்டுகிற ப்ளூடூத் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். கை ஸ்டியரிங்கில் இருந்தால் போதும் என்று நானும் நம்பினேன். இரண்டே மாதத்தில் ஒரு டிரைவர், வாடகை பாக்கி விஷயமாக என்னோடு பேசிக்கொண்டே போய், இருபது வருஷமாகப் போய்வருகிற ரோட்டில் பைபாஸ் பிரிகிற இடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் நுழைந்துவிட்டார். போர்டு பெரிதாக இருக்கிறது, அவர் அதைப் பார்த்தும் இருக்கிறார். ஆனால் மனசில் பதியவில்லை. அப்போதுதான் தேடிப் படித்தேன். கனடாவில் டொராண்டோவில், விபத்தில் சிக்கிய 699 பேரின் போன் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 1997இலேயே எழுதியிருக்கிறார்கள். போன் பேசும்போது விபத்து நடக்கிற வாய்ப்பு நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசுகிற போனால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற கிளீனர், எதிரே வண்டி வந்தால் தானாக வாயை மூடிக்கொள்வான். அவனுக்கும் ரோடு தெரிகிறது. நாமக்கல்லில் உட்கார்ந்திருக்கிற எனக்கு ரோடு தெரியாது. நான் பேசிக்கொண்டே இருப்பேன்.

சட்டம் கையில் பிடிக்கிற போனைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 184ஆவது பிரிவில் 2019 திருத்தத்தில் அதைச் சேர்த்தார்கள். ஆனால் அதே சட்டத்தில் 188 என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. 184இல் சொன்ன குற்றத்தைச் செய்யத் தூண்டுகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. லாரி ஆபீஸில் உட்கார்ந்து கூப்பிட்டவர் மேல் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டதை நான் பார்த்ததில்லை. டிரைவரைத்தான் பிடிக்கிறார்கள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பச்சைப் புள்ளி இருந்தால் இனி நான் கூப்பிட மாட்டேன் என்றேன். "பார்ட்டி கத்துவானேம்மா" என்றார். கத்தினார்கள். ஒருவர் எங்களை விட்டுவிட்டு வேறு ஆபீஸுக்கும் போய்விட்டார். மற்றவர்களுக்கு வண்டி போகிற இடத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள லிங்க் அனுப்புகிறோம். பில், ரசீது எல்லாவற்றையும் வண்டி கிளம்புவதற்கு முன்னால் நானே போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். இந்தச் சின்ன வேலையைப் பதிமூன்று வருஷமாக ஏன் செய்யவில்லை என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. டீக்கு, டீசலுக்கு, சாப்பாட்டுக்கு நிற்கும்போது டிரைவர்கள் கூப்பிடுவார்கள். அதுவரை காத்திருப்பதுதான் என் வேலை.

ஆபீஸ் போன் குறைந்தது. வீட்டுப் போன் குறையவில்லை. டிரைவர்களின் வீட்டுக்காரம்மாக்களிடம் ஒவ்வொருவராகப் பேசினேன். கூப்பிட்டதும் முதலில் வண்டி ஓடுதா நிக்குதா என்று கேளுங்கள், ஓடுது என்றால் வைத்துவிடுங்கள் என்றேன். ஒரு அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நானா சும்மா பேசறேன்னு நெனச்சியா கண்ணு? ராத்திரி ரெண்டு மணிக்கு அவருதான் கூப்பிடுவாரு. கண்ண இழுக்குது, எதாச்சும் பேசுடின்னுவாரு. நான் பேசாட்டி தூங்கிருவாரு. பயந்துக்கிட்டே விடியற வரைக்கும் பேசுவேன்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பேசினால் ஒரு ஆபத்து, பேசாவிட்டால் இன்னொன்று. அந்த அம்மா ராத்திரி பூரா கண் விழித்து, பக்கத்துக் காலி சீட்டில் தானே உட்கார்ந்திருக்கிறார். போனைப் பிடுங்கிவிட்டால் மட்டும் இது தீராது. டிரைவர் தூங்க வேண்டும், அவ்வளவுதான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று 2025 வரை இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று அதில் இருந்தது. எங்கள் லைனில் எட்டு மணி நேரத்தில் ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய டிரைவரை நான் கண்டதில்லை. முதலாளியிடம் திரும்பவும் போனேன். ராத்திரி ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை வண்டி எங்கிருந்தாலும் ஓரங்கட்டலாம், லேட்டானால் டிரைவரைக் கேட்க மாட்டோம் என்று முடிவானது. பத்து வண்டியில் ஆறு வண்டி அப்படி நிற்கின்றன. மீதி நாலு, அவசர லோடு என்று இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதற்காக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அண்ணன் மறுபடி லாரி ஏறவில்லை. இடது காலால் கிளட்சை முழுக்க மிதிக்க முடியாது. ஷெட்டில் டயர் கணக்கும் டீசல் கணக்கும் பார்க்கிறார். மத்தியானம் ஆபீஸுக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். விபத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை நான் மன்னிப்புக் கேட்டேன். "எடுத்தது நானுந்தானே" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

போன வாரம் ஒரு வண்டிக்கு இ-வே பில்லில் ஒரு சந்தேகம். என்னிடமிருந்த போட்டோவில் கடைசி எண்கள் மடிப்பில் மறைந்திருந்தன. ஹூப்ளி பக்கம் பச்சைப் புள்ளி, வேகம் 52. பார்ட்டி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார், அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது நிமிஷம் காத்திருந்தோம். புள்ளி சிவப்பானது. இன்னும் ஐந்து நிமிஷம் விட்டுக் கூப்பிட்டேன். "டீ குடிக்கறேன் தங்கச்சி, வண்டி ஓரமா நிக்குது, சொல்லு" என்றார் டிரைவர். பில் எண்ணைப் படிக்கச் சொன்னேன். பன்னிரண்டு இலக்கங்களையும் நிதானமாகப் படித்தார்.