கூரையில்லாத தேவாலயம்

போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துக் கார்மோ தேவாலயத்தின் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சு கனக்கிறது. நடுக்கூடத்துக்குக் கூரையே இல்லை. கல் வளைவுகள் மட்டும் விலா எலும்புகளைப் போல வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. காலைப் பூசை நேரத்தில் நிலம் அதிர்ந்தது. சரிந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் மூட்டிய தீ நாள்கணக்கில் எரிந்தது; ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் அலை வாரிக்கொண்டு போனது.

பிறகு அந்நகரின் மையத்தில் எழுந்த பைஷா பகுதி வீடுகளின் சுவர்களுக்குள், நில அதிர்வைத் தாங்கவென்று, குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டக் கூண்டு ஒளிந்திருக்கிறது. மாதிரி ஒன்றைக் கட்டி, சுற்றிலும் படைவீரர்களைத் தரை அதிர நடக்கவைத்துச் சோதித்தார்களாம்! தீ தாவாதிருக்க வீட்டுக்கு வீடு கூரைக்கு மேல் உயர்த்திய இடைச்சுவர் வேறு. அந்தக் கூண்டுச் சட்டங்களைப் பின்னாளில் கடையை அகலப்படுத்த அறுத்தெடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.