நிமிடத்துக்கு ஓர் அங்குலம்: கச்சமாக் விரிகுடாவில் மூன்று நாள்

ஹோமரில் காபி குடிக்கப் போனாலும் சரி, தூண்டில் வாங்கப் போனாலும் சரி, கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு புத்தகத்தை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும், எத்தனை அடி என்று வருடம் முழுவதற்குமான கணக்கு. என் மனைவி ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நான் கண்டுகொள்ளவில்லை. என் கவனமெல்லாம் வாடகைக்கு எடுத்து வந்திருந்த, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 150-600 மி.மீ. லென்ஸ் மேல்தான்.

அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் ஓட்டினால் ஹோமர். அங்கேயும் சாலை உடனே முடிந்துவிடுவதில்லை. விரிகுடாவுக்குள் ஏழு கிலோமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல் திட்டின் மேல் ஏறி, அதன் நுனிவரை போய்த்தான் நிற்கிறது. ‘ஸ்பிட்’ என்கிறார்கள். எதிர்க்கரையில் கீனாய் மலைகளும் க்ரூவிங் பனியாறும். ஜூன் மாதம் என்பதால் இரவு பதினொரு மணிக்கும் வெயில். படம் எடுக்கிறவனுக்கு வேண்டிய சாய்வெளிச்சம் மணிக்கணக்கில் கிடைக்கிறது, தூக்கம்தான் கிடைப்பதில்லை.

முதல் மாலை வெண்தலைக் கழுகுகள். ஒரு காலத்தில் இந்த ஸ்பிட்டில் ஜீன் கீன் என்ற அம்மாள் குளிர்காலம் முழுக்கக் கழுகுகளுக்கு மீன் போட்டு வந்தார், நூற்றுக்கணக்கில் கூடும். அதைப் படம் பிடிக்க எங்கெங்கிருந்தோ புகைப்படக்காரர்கள் வந்தார்கள். 2009-இல் அவர் காலமானார். இப்போது கழுகுக்கு இரை போடுவது ஊரில் தடை. எனக்கு அதில் வருத்தமில்லை. மீனை வீசி வரவழைத்த கழுகின் படத்தில் எனக்கு ஏனோ ஒட்டுதல் வருவதில்லை. ஆனால் மீன் வீசாமல் தானாக வந்த கழுகு நம் இஷ்டத்துக்கு உட்காருமா? கம்பத்து உச்சியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் இருந்தது. வெள்ளைத் தலைக்குப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியைக் குறைத்தால் உடம்பு கரிக்கட்டையாகிறது. உடம்புக்குப் பார்த்தால் தலை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போகிறது.

மறுநாள் படகில் ‘கல்’ (Gull) தீவு, அதாவது கடற்காகத் தீவு. செல்டோவியா பழங்குடி மக்களின் சங்கத்துக்குச் சொந்தமான பாறைத் திட்டு அது. இறங்க முடியாது, படகு சுற்றி வரும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம்! கிட்டிவேக் என்ற கடற்காகங்கள் ‘கிட்டி-வேக்’ என்று தங்கள் பெயரையே கத்திக்கொண்டிருந்தன. மர்ரே என்ற கடற்பறவைகள் கூடு கட்டுவதில்லை. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை, அதுவும் ஒரு பக்கம் கூம்பியது. 2014 முதல் 2016 வரை வட பசிபிக் சூடேறிக் கிடந்தபோது இரை கிடைக்காமல் அலாஸ்காவின் மர்ரேக்களில் ஏறக்குறைய பாதி, 40 லட்சம், செத்துப்போனதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பாறை நிறைய நெருக்கியடித்து நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது இது பாதிதான் என்று நம்ப முடியவில்லை.

கொண்டைப் பஃபினுக்காகத்தான் அந்தப் பெரிய லென்ஸ். ஆரஞ்சு அலகு, காதோரம் பின்னால் வாரிவிட்ட மாதிரி மஞ்சள் இறகு. பறப்பதைப் பார்த்தால் யாரோ சாவி கொடுத்து எறிந்த பொம்மை. படகின் எஞ்சின் அதிர்வில் முக்காலி உதவாது. கையில் பிடித்து, முழங்காலைத் தளர்த்தி, நொடியில் 2000-இல் ஒரு பங்கு வேகத்தில் அழுத்திக்கொண்டே இருந்தேன். 440 படங்கள். அன்றிரவு பார்த்தபோது 9 தேறின. மற்றதெல்லாம் வானம், தண்ணீர், பாதி வால்.

கடல் நீர்நாய்கள் இவ்வளவு தொல்லை தரவில்லை. திரும்பும் வழியில் படகோட்டி தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டார். ஒன்று மல்லாந்து மிதந்துகொண்டு, நெஞ்சில் ஒரு கல்லை வைத்து, மட்டியை இரண்டு கையாலும் தூக்கி டக் டக் என்று அடித்தது. உடைந்ததும் கறியை வழித்துத் தின்றுவிட்டு, ஒரு உருண்டு உருண்டு ஓட்டுத்தூளைக் கழுவிக்கொண்டது. பிறகு மறுபடி மல்லாந்து, கன்னத்தைத் தேய்த்து, முடியை ஊதி ஊதிச் சீவ ஆரம்பித்தது. அது அழகுக்காக இல்லை. திமிங்கிலம், சீல் மாதிரி இதற்குத் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் கிடையாது. சதுர அங்குலத்துக்குப் பத்து லட்சம் வரை இருக்கும் முடியும், அதற்குள் அடைபட்ட காற்றும்தான் குளிரைத் தடுக்கின்றன. அந்த முடிக்காகவே, 1741-இல் ரஷ்யாவுக்காகக் கடலோடிய பெரிங்கின் பயணத்திலிருந்து வேட்டையாடித் தீர்த்தார்கள். 1911-இல் ஒப்பந்தம் போட்டு நிறுத்தியபோது ஒன்றிரண்டு ஆயிரம்தான் மிஞ்சியிருந்தன.

மூன்றாம் நாள் காலை மனைவி புத்தகத்தைப் பிரித்தாள். “என்னங்க, 9:26-க்கு மைனஸ் 4.4 போட்டிருக்கு. மைனஸ்னா என்ன?”

தினமும் இரண்டு முறை கடல் இறங்குகிறது. இரண்டில் அதிகமாக இறங்குவதன் சராசரிதான் பூஜ்யம். அதற்கும் கீழே போனால் மைனஸ். சாதாரண நாளில் தண்ணீருக்கடியிலேயே இருக்கும் தரை அன்று ஒரு மணி நேரம் வெளியே தெரியும். பிஷப்ஸ் பீச்சுக்கு ஓடினோம். கரையெல்லாம் நிலக்கரித் துண்டுகள். மேலே உள்ள மேட்டிலிருந்து சரிந்து விழுபவை. ஊர்க்காரர்கள் வாளியில் பொறுக்கி அடுப்பெரிக்கிறார்கள். அதைத் தாண்டி, நேற்று அலையடித்த இடத்தில், பாசி வழியும் பாறைகள்.

பெரிய லென்ஸ் பையிலேயே கிடந்தது. சின்னப் பொருள்களைக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸில், பளபளப்பை வெட்டும் போலரைசர் கண்ணாடியை மாட்டி, குட்டையின் பளபளப்பு மறையும்வரை திருப்பினேன். திரை விலகினாற்போல் அடித்தரை தெரிந்தது. சிவப்பும் பச்சையுமாக ஒரு கடல் சாமந்தி, அதன் கைகளுக்கு நடுவே பாதி விழுங்கிய நண்டுக்கால். பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓடில்லாத நத்தை, முதுகு முழுக்க நுனி வெளுத்த இழைகள். கைகளைப் பரப்பிக்கொண்டு ஊதா நிறத்தில் ஒரு நட்சத்திர மீன். ஒரு கை மட்டும் குட்டை, வெட்டுப்பட்டு மறுபடி வளர்கிறது. இருபதுக்கு மேல் கைகள் வளரும் சூரியகாந்தி நட்சத்திரத்தைத் தேடினேன். 2013-இலிருந்து பசிபிக் கரை நெடுகப் பரவிய நோய் அந்த இனத்தைத்தான் மிக மோசமாகத் தாக்கியது. அன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஓடில்லாத நத்தைக்காக முழங்காலிட்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ! “பை!” என்று சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். பையை வைத்திருந்த பாறை தீவாகியிருந்தது. இங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே இருபது அடிக்கு மேலும் வித்தியாசம் வரும். ஏறுகிற ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணி நேரத்துக்குள் பாதி ஏறிவிடும். நிமிடத்துக்கு ஓர் அங்குலம் என்று வையுங்கள்! அலையும் இல்லை, சத்தமும் இல்லை. நம் முதுகுக்குப் பின்னால் பள்ளமான இடங்களை முதலில் நிரப்பிக்கொண்டு வருகிறது. முழங்கால்வரை இறங்கிப் பையைத் தலைக்கு மேல் தூக்கி வந்தேன். லென்ஸ் தப்பியது. இரண்டு பூட்ஸிலும் பனியாற்றுத் தண்ணீர்.

காரில் ஹீட்டரை முழுசாக வைத்து, பூட்ஸைக் கவிழ்த்து வைத்தேன். மீன் வாடை கிளம்பியது. மனைவி ஜன்னலை இறக்கிவிட்டு, புத்தகத்தில் அடுத்த வரியில் விரலை வைத்தாள். “நாளைக்கு 10:14. மைனஸ் 4.1.”

ஆங்கரேஜில் எங்கள் விமானம் மதியம் இரண்டு மணிக்கு. 350 கிலோமீட்டர். மனதுக்குள் ஒரு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவளும் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.