கிட்டங்கி விடுதிக்கு மூன்று மந்திரிப்பு

நம் விடுதிக் கட்டடம் பள்ளிக்கூடத்தைவிட வயதில் மூத்தது. சங்கு குளிக்கிற உரிமை சேதுபதி சமஸ்தானத்தின் கையில் இருந்த காலத்தில், கீழக்கரை வியாபாரி ஒருவர் கட்டிய கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு, என்று சொல்வார்கள். முத்துக்குளிப்பைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் சங்கை மறந்துவிடுகிறார்கள். வங்காளத்துப் பெண்கள் கல்யாணமானால் போடுகிற வெள்ளை வளையலுக்கு நம் மன்னார் வளைகுடாச் சங்குதான் கப்பலேறிப் போனது. கடலில் எடுத்த சங்கை அப்படியே மூட்டை கட்டிவிட முடியாது. உள்ளே இருக்கிற சதை அழுகிக் கழன்று போக வேண்டும். அதுவரை குவித்துப் போட்டு வைத்த இடம் அது. நாங்கள் பாயை விரித்துப் படுத்த காலத்தில் சங்கு வியாபாரம் அங்கிருந்து போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் முதல் மழைக்குத் தரையிலிருந்து ஒரு வீச்சம் கிளம்பும். பழைய மாணவர்களுக்கு இதைப் படிக்கும்போதே மூக்கில் ஏறியிருக்கும்.

சுவரெல்லாம் கடல் கல். பவளப்பாறையை வெட்டி எடுத்து, சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பில் அடுக்கியது. மேலே பனைமரச் சட்டம், பனங்கை. அந்தக் கல்லுக்குள் உப்பு எந்தக் காலத்திலும் தீராது. காற்றில் ஈரம் ஏறினால் உப்பு அதை இழுத்துக்கொள்ளும், சுவர் வியர்க்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடிக்கிற ராத்திரிகளில் அரிக்கேன் வெளிச்சத்தில் சுவர் பளபளவென்று நனைந்து நிற்கும். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தால் கரிக்கும். எங்கள் செட்டில் ஒருவன் நக்கிவிட்டு, "டேய், கண்ணீர்தாண்டா, உப்பா இருக்கு" என்றான். அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. காய்ந்த பிறகு உப்புப் பூத்து, சுவரில் வெள்ளை வெள்ளையாக உருவம் தெரியும். தலை, முடி, நீட்டிய கை என்று ஆளுக்கு ஒன்று கண்டுபிடிப்போம்.

இதற்கு மேல் ஊர்க் கதை. அந்தக் கட்டடத்தில் ராத்திரியில் பெண்கள் கூட்டமாக அழுகிற சத்தம் கேட்கும் என்று மண்டபம் ஊர்வரைக்கும் பேச்சு. காரணமும் தயாராக வைத்திருந்தார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடியே போனது, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் அதில் இருந்தவர்களோடு கடலுக்குள் போனது, பாம்பன் பாலம் உடைந்தது, பிறகு அரசாங்கமே அது குடியிருக்கத் தகுதியில்லாத ஊர் என்று அறிவித்தது. இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஒதுங்கிய பிணங்களைக் கொண்டுவந்து நம் கிட்டங்கியில்தான் அடுக்கி வைத்தார்கள் என்பது ஊர் சேர்த்துக்கொண்டது. பார்த்தவர் யாரும் இல்லை, சொல்லாதவரும் யாரும் இல்லை. கூகை ஒன்று மச்சில் குடியிருந்ததும் அதற்கு ஒத்தாசை.

நான் எட்டாவது படித்த 1973இல் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ராத்திரியில் அலறி எழுந்து கடலைப் பார்க்க ஓடினான். காய்ச்சல். ஆனால் காய்ச்சல் என்று டாக்டர் சொல்வதற்குள் அவன் வீட்டார் வந்து ஏர்வாடிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். சுல்தான் சையிது இப்ராஹிம் ஷஹீது தர்காவுக்கு எல்லா மதத்துக்காரரும் போகிறார்கள், அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் அம்மாவும் போயிருக்கிறார். ஆனால் அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று யாராவது லேசாகச் சொன்னால் எனக்கு அந்தச் சங்கிலி ஞாபகம் வருகிறது. நம் பையன் சுகமாகத் திரும்பி வந்து, படிப்பை முடித்து, சவூதிக்குப் போய்விட்டான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் போன வாரத்தில் விடுதியே பாதி காலி. பெற்றோர் கூட்டம் போட்டார்கள். மூன்று மதத்துப் பிள்ளைகளும் இருந்த விடுதி. ஆகவே யாரை வைத்துச் சுத்தம் செய்வது என்று பெரிய தகராறு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வார்டன் சார் சுலபமாக முடித்துவிட்டார்: "மூணு பேரையும் கூப்பிடுவோம். எது கேக்குதோ கேக்கட்டும்."

முதலில் லெப்பை வந்தார். பகரா சூராவை ஓதுகிற வீட்டிலிருந்து ஷைத்தான் ஓடிவிடும் என்பது ஹதீஸ். அது குர்ஆனிலேயே பெரிய சூரா, 286 வசனம். இஷா என்கிற ராத்தொழுகைக்குப் பிறகு மதரஸாப் பையன்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஆனால் அதற்கு முன்னால், "அசுத்தமான இடத்துல நான் ஓத மாட்டேன்" என்று சொல்லி, மச்சில் கிடந்த பழைய வலை, எலிப் புழுக்கை, கூகை கக்கிப் போட்ட எலும்பு அத்தனையையும் எங்களை வைத்து வாரிக் கொட்ட வைத்தார். சாம்பிராணிப் புகையில் சுவர்ப் பல்லிகள் தொப்தொப்பென்று விழுந்தன. நேர்ச்சையாக நெய்ச்சோறு. எங்களுக்கு அதுதான் முக்கியம்.

அடுத்த நாள் கத்தோலிக்கச் சாமியார் வந்தார். அவர் நேர்மையான மனிதர். "பேய் ஓட்டணும்னா ஆயர்கிட்ட உத்தரவு வாங்கணும், மதுரைக்கு எழுதிப் போடணும். நான் வீடு மந்திரிக்கத்தான் முடியும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்போது சிவகங்கை மறைமாவட்டம் கிடையாது, அது 1987இல்தான் வந்தது. உப்பை மந்திரித்துத் தண்ணீரில் கலந்து, மிக்கேல் சம்மனசை வேண்டிக்கொண்டு அறை அறையாகத் தெளித்தார். ஏற்கெனவே உப்பில் ஊறிய சுவருக்கு இன்னும் உப்பா என்று எங்களுக்குச் சிரிப்பு. சாமியாருக்கு உதவிக்கு வந்த கோயில்பிள்ளை முறைத்தார்.

மூன்றாவதாக, உடுக்கை அடித்துக் குறி சொல்கிற கோடாங்கி. நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம், வாசலுக்கு வெள்ளைப் பூசணி, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீர். சேவல் கேட்டார், வார்டன் சார் மறுத்துவிட்டார். உடுக்கையை எடுத்து அடிக்க ஆரம்பித்ததும் கூடமே அதிர்ந்தது. கடல் கல் சுவருக்குள் உடுக்கைச் சத்தம் எப்படிச் சுற்றும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, "பொம்பளைக... கூட்டமா உக்காந்து அழுகுறாக... தலைவிரி கோலமா..." என்று சொன்னார். சின்னப் பையன்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அடுப்படி வாசலிலிருந்து கஞ்சியாத்தா வந்தார். நமக்குச் சமைத்துப் போட்டவர். அந்தப் பேர் நாம் வைத்தது. கையில் அகப்பை, அதிலிருந்து சாம்பார் சொட்டுகிறது.

"ஏய்யா, நிப்பாட்டு. அது பேயில்ல. நானு."

உடுக்கை நின்றது.

புயல் முடிந்து, தனுஷ்கோடியில் மிஞ்சியவர்களைத் தோணியில் இக்கரைக்குக் கொண்டுவந்தபோது, பெண்களையும் பிள்ளைகளையும் இந்தக் கிட்டங்கியில்தான் தங்க வைத்தார்களாம். தை பிறக்கிறவரைக்கும் இருந்திருக்கிறார்கள். புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு அவர் இந்தக் கூடத்தில் கிடந்திருக்கிறார். "பகல்ல நிவாரணத்துக்கு வரிசையில நிப்போம். ராத்திரிலதான் அழுக முடியும். நானும் என் நாத்தனாவும் ஒப்பாரி வச்சா எல்லாரும் சேந்துக்குவாக. ஊர்க்காரவுக பயந்துகிட்டு இந்தப் பக்கமே வர மாட்டாக. எங்களயா ஓட்டப் போற?"

கோடாங்கி கொஞ்ச நேரம் உடுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உசுரோட இருக்கவுகள நான் எப்படி ஆத்தா ஓட்டுறது" என்றார். கெட்டிக்காரர். கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்னது தப்பில்லை என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தக் கூடத்தில் பெண்கள் அழுதது உண்மைதானே.

கஞ்சியாத்தாவுக்கு ஒரே ஒரு ஆற்றாமை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மற்றவர்கள் மெழுகுதிரி ஏற்றுவார்கள். இவருக்கு ஏற்றக் குழி கிடையாது. நம் கடற்கரையில் வெளியூர்க்காரர்களுக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வடக்கே எங்கிருந்தெல்லாமோ வந்து அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதே கடலில் போன உள்ளூர்க்காரர்களில் பல பேருக்கு ஒரு பிடி சோறு வைக்க ஆள் இல்லை. விரட்ட மட்டும் மூன்று பேரைக் கூப்பிட்டோம்.

அந்த வருஷம் டிசம்பர் 22, அரையாண்டுப் பரீட்சை முடிகிற சமயம். வார்டன் சார் ராத்திரிச் சாப்பாட்டை ஆத்தாவின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். சூடை மீன் குழம்பு வைத்தார், பிள்ளைகளுக்குப் பிடித்ததாம். பனங்கிழங்கு அவித்தார். கீழக்கரைப் பையன்கள் வீட்டிலிருந்து தொதல் அல்வா வந்தது. முதல் இலையைக் கூடத்து நடுவில் போட்டுப் பரிமாறிவிட்டு, லெப்பை ஒரு பாத்திஹா, சாமியார் ஒரு செபம், கோடாங்கி ஒரு கற்பூரம். யாரையும் அழைக்கச் சொல்லவில்லை, அவர்களாகவே வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு நான் விடுதியை விடும்வரை வருஷா வருஷம் அது நடந்தது. கணக்குப் புத்தகத்தில் 'விசேஷச் சாப்பாடு' என்று எழுதினார்கள். தணிக்கைக்கு வந்தவர் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு வார்டன் சார், "உள்ளூர்ப் பண்டிகை" என்று சொன்னாராம்.

சுவர் அதற்குப் பிறகும் வியர்த்தது. கூகையும் மச்சுக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் ராத்திரி அழுகைச் சத்தம் கேட்டால் யாரும் போர்வைக்குள் ஒடுங்கவில்லை. "ஆத்தா தூங்கலை போலிருக்கு" என்பான் ஒருவன். சில நாள் உண்மையிலேயே ஆத்தாதான்.

இப்போது நம் பழைய மாணவர் சங்கம் அந்தக் கட்டடத்தை எடுத்துப் பழுது பார்க்கத் தீர்மானம் போட்டிருப்பதால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. காண்ட்ராக்டர் கொடுத்த மதிப்பீட்டில் சிமெண்ட் பூச்சு என்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கடல் கல்லின் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல், உள்ளே இருக்கிற உப்பு பூச்சைத் தள்ளிவிடும். சில மழைக்காலத்தில் பாளம் பாளமாக விழும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்புதான் அதற்குச் சரி. செலவு கூடும், கூடட்டும். புதிதாகப் பவளக்கல் வெட்டுவதும் இன்றைக்குச் சட்டப்படி குற்றம். வேலிக்கு வெளியே சரிந்து கிடக்கிற பழைய கல்லையே பொறுக்கி எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொன்று மந்திரிப்பு. கணபதி ஹோமம் மட்டும் போதும் என்று ஒரு கட்சியும், எந்தச் சடங்கும் கூடாது என்று ஒரு கட்சியும் கிளம்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் வார்டன் சார் கட்சி. மூன்று பேரும் வரட்டும். திறப்பு விழாவை ஜனவரியில் வைத்தால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வசதி என்கிறார்கள். டிசம்பர் 22 என்று முடிவு செய்தால் கோலாலம்பூரிலிருந்து நான் இப்போதே டிக்கெட் போட்டுவிடுவேன். மீன் குழம்புச் செலவும் என்னுடையது.