41-ம் தெருவில் டாமி

டாமி என்ற இசை நாடகம் பார்க்க, நியூஜெர்சியில் அக்கா வீட்டிலிருந்து மன்ஹாட்டனுக்குப் பஸ். லிங்கன் சுரங்கப்பாதைக்கு முன்னால் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, லயன் கிங் பார்த்திருக்கலாம்ல? இந்த டாமியில என்ன இருக்கு?"

"ஒரு பையன். கண் தெரியாது, காது கேட்காது, பேச்சு வராது. ஆனா பின்பால் ஆட்டத்துல, அதான் மெஷினுக்குள்ள உருளுற குண்டைத் தட்டித் தட்டி விளையாடுறதுல, அவனை அடிச்சுக்க ஆளில்லை."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தி ஹூ என்ற இங்கிலாந்து ராக் குழு 1969 மே மாதம் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு டாமி. போரில் செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த அப்பா திரும்பி வந்து, அம்மாவின் காதலனைக் கொல்கிறார். பையன் அதைக் கண்ணாடியில் பார்த்துவிடுகிறான். நீ எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் மாட்டாய் என்று பெற்றோர் மந்திரம்போல ஓத, அப்படியே ஆகிவிடுகிறான். ஹாஸ்டலில் நண்பனின் கேசட்டில் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கொலை ஒன்று நடக்கிறது என்பதே வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அவ்வளவு பூடகம்.

காதுக்கு அந்தப் பூடகம் போதும், மேடைக்குப் போதாது. குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டும் இயக்குநர் டெஸ் மெக்கானஃபும் சேர்ந்து 1992-ல் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் இதை மேடையேற்றினார்கள். அடுத்த வருடமே நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வே, நாடகத்துக்கான ஐந்து டோனி விருதுகள். 2023-ல் அதே மெக்கானஃப் சிகாகோவில் புதிதாக உருவாக்கி, 2024 மார்ச்சில் நியூயார்க் கொண்டுவந்ததைத்தான் பார்க்கப் போனோம். டைம்ஸ் சதுக்கத்துச் சிவப்புப் படிக்கட்டுக்கு அடியில் அன்றைய டிக்கெட்டைத் தள்ளுபடியில் விற்கிறார்கள். அங்கே வாங்கிக்கொண்டு 41-ம் தெருவில் உள்ள நெடர்லாண்டர் அரங்குக்கு நடந்தோம்.

ஆரம்ப இசையிலேயே அசந்துவிட்டேன். தட்டில் அது பெரும்பாலும் வாத்திய முழக்கம். இங்கே அந்தச் சில நிமிடங்களுக்குள் காதல், கல்யாணம், போர், பாராசூட்டில் குதிப்பது, சிறைபிடிப்பு எல்லாம் முடிந்துவிடுகின்றன. காலத்தையும் நகர்த்தியிருக்கிறார்கள். தட்டில் 1921 என்றே ஒரு பாட்டு உண்டு. மேடையில் இரண்டாம் உலகப் போர். இதுதான் கணக்குக்குச் சரி. அப்போதுதான் பையன் வளர்ந்து ஆளாகும்போது பின்பால் மெஷினும் ரசிகர் கூட்டமும் பொருந்தி வரும்.

சரி, பேசாத பையனை எப்படிப் பாட வைப்பது? தட்டில் அவன் மனசு பாடினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மேடையில் உடம்பு ஒன்று கண்முன்னால் நிற்கிறதே. அதற்கு மூன்று டாமிகள்: நான்கு வயது, பத்து வயது, பெரியவன். குழந்தை கண்ணாடி முன்னால் சிலைபோல நிற்க, உள்ளேயிருந்து பெரியவன் பாடுகிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் அக்கா மகள் பாப்கார்னை மறந்திருந்தாள்.

இடைவேளையில் அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன். அந்த இசைத்தட்டின் உறையில் 'அவதார்' என்று மெஹர் பாபாவின் பெயர் இருக்கும். புனேயில் பிறந்தவர், டவுன்ஷெண்டின் குரு. 1925 ஜூலையில் பேச்சை நிறுத்தியவர், 1969 ஜனவரியில் இறக்கும் வரை வாய் திறக்கவில்லை. தட்டு வந்தது அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு. பின்பால் கதைக்குள் வந்த விதம் வேறு: அந்த ஆட்டத்தில் பைத்தியமாக இருந்த ஒரு விமர்சகரைக் குளிர்விக்கச் சேர்த்தது! மௌனமும் பின்பாலும் ஒரே கதையில் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

முடிவில்தான் எனக்கு மனத்தாங்கல். தட்டில், குணமாகிக் குருவாகிவிட்ட டாமியைச் சீடர்கள் உதறிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் அவன் என்ன ஆனான் என்பது நம் பாடு. மேடையில் அவன் குடும்பத்தை ஏற்றுக்கொள்கிறான். சின்ன வயதில் அவனிடம் அத்துமீறிய அப்பாவின் சகோதரனும் அந்தக் குடும்பத்தில்தானே இருக்கிறான்? "அந்த அங்கிளையுமா?" என்று அக்கா மகள் காதில் கிசுகிசுத்தாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன், பாட்டுக்காக.

பிறகு லிங்கன் சென்டர் வரை நடந்தோம். 1970 ஜூன் 7 அன்று அங்கே மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் தி ஹூ டாமியை இரண்டு காட்சிகள் வாசித்தார்கள். நீரூற்றுத் திட்டில் உட்கார்ந்து, போனில் பழைய இசைத்தட்டைப் போட்டு ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்:

"கொலை எப்ப வரும் மாமா?"

"இப்பத்தான் முடிஞ்சது."