பிரம்பு போன பிறகு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் யாராவது ஓர் அப்பா வகுப்பு வாசலில் நின்று சொல்லிவிடுவார்: "கண்ணை மட்டும் விட்டுடுங்க டீச்சர், தோலை உரிச்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்." அன்பில்தான் சொல்கிறார். அவர் படித்த பள்ளி அப்படி.

அந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் கோதண்டமும், காலில் சங்கிலியோடு மரக்கட்டையைப் பூட்டும் குட்டையும் இருந்தன. ஆனால் அதே திண்ணையில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான். மணலில் விரலால் எழுத்துப் பழகினார்கள். எழும்பூர் ஆண் அநாதை விடுதியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் இதைப் பார்த்துத் தன் பள்ளியில் பின்பற்றினார். 1797இல் அவர் லண்டனில் புத்தகமாக எழுத, 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. நமக்கோ பிரம்பு மட்டும் மிஞ்சியது என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

தமிழ்நாட்டில் 2003இல் கல்வி விதியைத் திருத்தி உடல் தண்டனையைத் தடை செய்தார்கள். 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மனதைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. பிரம்பு போன இடத்தில் எதை வைப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. எனக்கு அதைக் காட்டியது செயல்வழிக் கற்றல்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்த முறை அது. பெஞ்சு இல்லை, பாய்தான். சுவரின் அடிப்பாகத்தில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆளுக்கு ஒரு கட்டம். வந்ததும் பிள்ளையே தன் வருகையைக் குறித்துக்கொள்ளும். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அந்தப் படிக்கான சின்னம் போட்ட பாட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துவந்து குழுவில் உட்காரும். ஒருமுறை இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கழித்தல் அட்டையிலேயே நின்றுவிட்டாள். நான் போவதற்குள் பக்கத்திலிருந்த மூன்றாம் வகுப்புப் பையன் புளியங்கொட்டைகளைப் பரப்பி, "எடுத்துட்டு மிச்சத்த எண்ணு" என்று காட்டிக்கொண்டிருந்தான். அட்டையை எடுத்த இடத்தில் வைக்காத பிள்ளையை அடுத்து வருகிற பிள்ளையே கேட்டுவிடும். நான் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

பார்வையிட வந்தவர்கள் சிலர், "என்னம்மா இவ்வளவு சத்தம்?" என்றார்கள். வேலை நடக்கும் சத்தம் அது. கை கட்டி, வாய் பொத்தி உட்கார்ந்த வகுப்பில் யாருக்குப் புரியவில்லை என்பது தேர்வு வரைக்கும் தெரியாது.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு ஆசிரியரின் கண் ஒவ்வொரு பாயிலும் இருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது சட்டம். கணக்கு சரியாக இருக்கும் பள்ளியிலும் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்ப்பது உண்டு. பதிவேடும் கூட்டமும் வேறு. அங்கே அட்டைகள் கலைந்துபோகும், சத்தம் வெறும் சத்தமாகிவிடும். பிரம்பு திரும்ப வேண்டும் என்று ஆசிரியர் அறையில் பேசுபவர்களில் நான் அறிந்த பெரும்பாலோர் கொடுமைக்காரர்கள் அல்ல, களைத்துப்போனவர்கள். அவர்கள் பள்ளிக்கு இன்னும் ஓர் ஆசிரியரைக் கொடுத்துவிட்டு இந்த விவாதத்தைத் தொடரலாம்.