திருவலைக் கதை: பலகை இன்னும் சீவி முடியேல்ல

லோ ஆங்கிள் ஜாக் எண்ட சீவுளி ஒருவழியாப் பெட்டியை விட்டு வெளிய வந்திட்டுது. இருபது தள்ளுத் தள்ளியிருப்பன். "டக்" எண்டொரு சத்தம். எடுத்துப் பாத்தா அலகின்ர வாயில ஒரு பல்லு விழுந்தமாதிரி இடைவெளி. பலகைக்குள்ள கடலைப்பருப்பளவில கறுப்பா ஒரு செல் (எறிகணை) துண்டு.

உள்ளதை ஒளிக்காமல் சொல்லுறன்: நான் ஆயுதம் வாங்கிற ஆள், வேலை செய்யிற ஆள் இல்லை. (கிளிநொச்சியில இருந்துகொண்டு "ஆயுதம் சேக்கிறன்" எண்டு சத்தமாச் சொல்லேலாது. "சாமான்" எண்டே வைச்சுக்கொள்ளுவம்.) இந்தச் சீவுளி 2022 இல வந்தது. மாச்சில 200 ரூபாவுக்கு நிண்ட அமெரிக்க டொலர் மே மாசம் 360 க்கு ஏறின வருசம். சனம் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில நிக்க, நான் ரொறன்ரோவில இருக்கிற மச்சானிட்டச் சொல்லி இதை எடுப்பிச்சன். 25, 38, 50 பாகை எண்டு மூண்டு அலகும் சேத்து. அதுக்குப் பிறகு அது வெளிச்சம் கண்டது ஆயுத பூசைக்கு மட்டும்தான். போன வருசம் சீவுளியின்ர அடியில சந்தனப் பொட்டை ஈரத்தோட வைச்சிட்டு, துடைக்காமல் பெட்டிக்குள்ள போட்டிட்டன். இப்ப அந்த இடத்தில ஒரு ரூபாக் குத்தியளவில வட்டமாத் துரு. நல்லா உரஞ்சியாச்சு, அடையாளம் போகேல்ல. தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசி வைச்சிருந்தாக் காணும், ஆனா அதுக்குப் பெட்டியைத் திறக்கவேணுமே.

வேலை என்னெண்டா, மனுசிக்கு ஒரு திருவலை. பழையதின்ர ஒரு கால் தேஞ்சு, இருந்தா ஆடும். காலுக்குக் கீழ மட்டை மடிச்சு வைச்சுத்தான் தேங்காய் திருவுறா. அந்த மட்டை, சீவுளி வந்த பெட்டியில இருந்து வெட்டினது. மூண்டு வருசமா அந்தப் பாசலில இருந்து வீட்டுக்குக் கிடைச்ச ஒரே பிரயோசனம் அது.

மரம் எங்கட பழைய வீட்டுக் கதவு நிலை. முதிரை, நாலுக்கு மூண்டு அங்குலம். சண்டை முடிஞ்சு 2010 இல திரும்பி வரேக்க கூரை இல்லை, ரெண்டு சுவர் இல்லை, நிலை மட்டும் நிண்டது. புது வீட்டுக்கு அளவு சரிவராமல் கொட்டிலுக்க சாத்தினது, அப்பிடியே கிடந்தது. அறுக்கவெண்டு மரக்காலைக்குக் கொண்டுபோனன். அந்த அண்ணை பெயின்ற் மேல கையை வைச்சுப் பாத்திட்டு, "தம்பி, இது சண்டைக்குள்ள நிண்ட மரமோ?" எண்டார். ஓம் எண்டன். "அப்ப கொண்டுபோங்கோ. ஒரு செல் பீஸ் பட்டா வாள் போச்சு" எண்டிட்டு மற்ற வேலையைப் பாக்கப் போட்டார். எனக்குக் கோவம் வந்தது. பிணைச்சல் ஆணியெல்லாம் கழட்டின மரம், இதுக்குள்ள என்ன இருக்கப்போகுது எண்டு கைவாளாலயே கீறினன். ஒண்டரை நாள், மூண்டு பலகை. வாள் ஒண்டிலயும் முட்டேல்ல. அந்தப் புழுகத்தில காந்தம்கூடப் பிடிச்சுப் பாக்கேல்ல.

முதிரை சீவினவைக்கு அதின்ர குணம் தெரியும். ஒரு கீலத்தில நார் இந்தப் பக்கம் படுத்திருக்கும், அடுத்த கீலத்தில அந்தப் பக்கம். எந்தப் பக்கத்தால தள்ளினாலும் பாதிக்கு நேர்நார், பாதிக்கு எதிர்நார். ஜாக்கில அலகு படுத்திருக்கிற சாய்வு 12 பாகை. அதோட வாற 25 பாகை அலகைப் போட்டா மொத்தம் 37, முதிரையைச் செதில் செதிலாக் கிளப்பிவிடும். ஸ்ரான்லி நாலாம் நம்பர்ச் சீவுளிகூட 45 இல நிக்குது. அதால நேர 50 பாகை அலகுக்குப் போனன், மொத்தம் 62. தள்ள நெஞ்சு நோகும், சீவலும் சுருளாது, தும்பு மாதிரி நெரிஞ்சு நெரிஞ்சு வரும். ஆனா பலகை எண்ணெய் பூசினமாதிரி மினுங்கும். அந்த மினுக்கத்தை ரெண்டு சாண் நீளத்துக்குத்தான் பாத்தன். பிறகு "டக்".

முறிவு 0.8 மில்லிமீற்றர் ஆழம். இனி எல்லாம் சாணைக் கதை. ஆயிரம் நம்பர் சாணைக்கல்லில இதை எடுக்க வெளிக்கிட்டா அடுத்த ஆயுத பூசை வந்திடும். அதுவும் பிஎம்-வி11 உருக்கு, லேசில தேயாது. கட்டிலுக்குக் கீழ இருந்த தண்ணிச் சாணை மெசினை இழுத்தன். அதுவும் வாங்கி ரெண்டு வருசம், மேல அரிசிச் சாக்கு. நிமிசத்துக்கு 90 சுத்து, மாடு செக்குச் சுத்திறமாதிரி. பின்னேரம் கறன்ற் இறங்கேக்க அதுவும் இல்லை.

முதல்ல பிழையாச் செய்தன். சரிவைக் கல்லில வைச்சு, முறிவு போகும்வரைக்கும் எண்டு அரைமணித்தியாலம் பிடிச்சன். வாய் ஒரு பக்கம் சரிஞ்சதுதான் மிச்சம். சரியான வழி கேக்கப் பயமா இருக்கும்: அலகை 90 பாகைக்கு நிமித்தி, வாயையே மொட்டையாக்கவேணும். முறிவு முழுக்கப் போய், மூலைமட்டத்துக்கு நேரா, வெளிச்சத்தில பிடிச்சா வெள்ளையா ஒரு கோடு தெரியும்வரைக்கும். அதுக்குப் பிறகுதான் 25 பாகைச் சரிவு. தேயத் தேய அந்த வெள்ளைக்கோடு மெல்லிசாகிக்கொண்டு வரும், மயிரளவுக்கு வந்தவுடன நிப்பாட்டிறது. கோடு எங்க தடிப்போ அந்தப் பக்கம் விரலை அழுத்து, அவ்வளவுதான் கணக்கு. கடைசியில கல்லில 50 பாகைக்கு நுனியை மட்டும் பத்துத் தேய்ப்பு. முழுச்சரிவையும் 50 இல பிடிக்கத் தேவையில்லை, வெட்டிறது நுனிதான். எல்லாமா ரெண்டேகால் மணித்தியாலம். முழங்கை மயிரை வழிச்சுப் பாத்தன். வழிச்சுது. என்ர வாழ்க்கையில நான் பிடிச்ச முதல் ஒழுங்கான வாய் இது, இதில அடக்கம் காட்டேலாது.

மற்றக் கை முழுக்கத் தடிச்சுப்போச்சு. முதிரைத் தூள் சிலபேருக்குக் கடிக்கும். எனக்குக் கடிக்கும் எண்டு இப்பதான் தெரியும். தூள் பட்டாத்தானே தெரியும்.

திரும்பத் தள்ள முதல், பழுதாப்போன கொம்பியூட்டர் ஹார்ட் டிஸ்கில இருந்து காந்தம் கழட்டி, நூலில கட்டி, மூண்டு பலகைக்கும் மேல மெதுவா நடத்தினன். இரும்பு கிட்ட வந்தா நூல் சரியும். ரெண்டு இடத்தில சரிஞ்சுது. ஒண்டு பிணைச்சல் இருந்த இடம், முறிஞ்ச ஆணி. பழைய இரும்பில வாங்கின கட்டை உளியால தோண்டி, அதே மரத்தில ஆப்படிச்சு மூடியாச்சு. செலவு சதம் இல்லை. ஆனா நேற்று இரவு ஒண்டரை மணிவரைக்கும் மெற்றல் டிற்ரெக்ரர் விலை பாத்துக்கொண்டிருந்தனான். மச்சான் சொல்லுறான், "உதை எடுத்துக்கொண்டு வளவுக்க நிண்டா புதையல் தோண்டுறாய் எண்டு ஏத்திக்கொண்டு போவாங்கள்" எண்டு. சரி, அதை விட்டாச்சு. கொழும்புக்குப் போனாப் பழைய சோனகத் தெருவில ரெண்டு நீட்டுக் கிளாம்ப் பாக்கவேணும். என்னட்ட ஏழு இருக்கு, எல்லாம் கட்டை.

பலகை ஒண்டு ரெண்டு பக்கமும் முடிஞ்சுது. ரெண்டாவதில ஒரு பக்கம். ரெண்டையும் பக்கம் சேத்து ஒட்டினா இருக்கிறதுக்கு எட்டங்குலம் வரும், காணும். திருவலைப் பல்லுக்குக் கொல்லர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

நூல் சரிஞ்ச மற்ற இடம் ரெண்டாவது பலகையின்ர சீவாத பக்கத்தில. நிலையில அது சுவரைப் பாத்த பக்கம், மரம் விரலளவுக்குக் கறுத்திருக்கு. தோண்டினாப் பலகையில பாதித் தடிப்புப் போயிடும். மனுசி வந்து குனிஞ்சு பாத்தா, விரலால ஒருக்காத் தடவினா. "இது கீழ்ப்பக்கம் தானே, கிடக்கட்டுமப்பா" எண்டிட்டு அடுப்படிக்குப் போட்டா. அந்தப் பக்கம் சீவேல்ல.